கேள்வி – பதில்: கிராங்கைட் சொன்னால் சரியாக இருக்கும்

சென்ற இதழில் ஒரு வாசகர், ‘யார் சொன்ன செய்தியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவீர்கள்?’ என்று கேட்டிருந்தார். ‘வால்டர் கிராங்கைட்’ என்று இரண்டே சொற்களில் பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி ‘யார் அவர்?’ என்கின்றன, மீதி என்னோடு சண்டைக்கு வருகின்றன. எனவே இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன். சினிமா பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): யார் ஐயா இந்த கிராங்கைட்? நம் ஊரில் ஆளே கிடைக்கவில்லையா?

பதில்: நம் ஊர்க்காரர்கள் பற்றி வேறொருவர் கேட்டிருக்கிறார், கீழே வருகிறது. முதலில் இவர்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் செயின்ட் ஜோசப் என்ற ஊரில் 1916ல் பிறந்தவர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் செய்தி வேலைக்கு வந்தார். யுனைடெட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தின் நிருபராக இரண்டாம் உலகப் போருக்குப் போனார். 1943ல் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமொன்றில் ஏறி ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தின் மேல் பறந்து, திரும்பி வந்து செய்தி எழுதினார். போர் முடிந்ததும் நாஜித் தலைவர்கள் மீதான நூரம்பர்க் விசாரணை, பிறகு மாஸ்கோ. 1950ல் சி.பி.எஸ். ஒலி, ஒளிபரப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். 1962 ஏப்ரல் 16 முதல் 1981 மார்ச் 6 வரை அதன் மாலைச் செய்திக்கு அவர்தான் முகம். 2009 ஜூலை 17 அன்று நியூயார்க்கில், 92 வயதில் காலமானார்.

அவர் திரையில் இருந்த காலத்தில் அந்தத் திரை நம் பக்கம் எட்டவில்லை. நான் வேலை பார்த்த நாளிதழின் டெஸ்க்கில், இரவுப் பணியில் இருந்த மூத்தவர்கள் வாயிலாகத்தான் அவர் பெயரைக் கேட்டேன். அவசரக்கார உதவி ஆசிரியர்களைத் திட்டும்போது அந்தப் பெயர் வரும். பதிவுகளைப் பார்த்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

கேள்வி (விருதுநகர் ஆசிரியை ஒருவர்): நம்பகத்தன்மை பிறவிக் குணமா, பழக்கமா?

பதில்: பழக்கம்தான். அதற்காக வேலை போனாலும் விடாத பழக்கம்.

1930களில் கிராங்கைட் கான்சாஸ் சிட்டியில் ஒரு சிறிய வானொலி நிலையத்தில் இருந்தார். ‘வால்டர் வில்காக்ஸ்’ என்ற பெயரில் அமெரிக்கக் கால்பந்து வர்ணனை. வர்ணனை என்றால் மைதானத்தில் உட்கார்ந்து அல்ல. தந்தியில் வரும் துண்டுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, நேரில் பார்ப்பதுபோல் நிலையத்திலிருந்தே பேச வேண்டும். அன்றைய வானொலியில் இது சாதாரணம். ஒரு நாள் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பரபரப்பாக வந்து, நகர மன்றக் கட்டடத்தில் தீ, தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்துவிட்டார்கள், உடனே ஒலிபரப்பு என்றார். தகவல் எங்கிருந்து? அவருடைய மனைவி தொலைபேசியில் சொன்னார். கிராங்கைட், ‘தீயணைப்பு நிலையத்தைக் கேட்டுவிடுகிறேன்’ என்று தொலைபேசியை எடுத்தார். ‘என் மனைவி சொன்னதைவிட வேறென்ன உறுதி வேண்டும்?’ என்று பொறுப்பாளர் தானே ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து அறிவித்துவிட்டார். கிராங்கைட் விசாரித்தபோது தெரிந்தது: சின்னத் தீ, யாரும் சாகவில்லை. வேலை போனது கிராங்கைட்டுக்கு! பின்னாளில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

இந்தக் கதையை நான் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த வாரமே ஒருவர் ‘பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் சார்’ என்று ஒரு மரணச் செய்தியோடு வந்து நிற்பார்.

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்): கென்னடி இறந்த செய்தியைச் சொல்லும்போது அழுதாரே, அதனால்தானே புகழ்? நம் சேனல்களில் தினமும் அழுகிறார்கள்.

பதில்: அழவில்லை. அழாமல் இருக்கப் பாடுபட்டார். ஆனால் அந்தப் பதிவில் என்னைக் கவர்வது கண்ணீர் வந்ததா, இல்லையா என்பது அல்ல. அதற்கு முந்தைய ஒரு மணி நேரம்.

1963 நவம்பர் 22. டல்லாஸ் நேரப்படி பகல் 12.30க்குச் சுடப்பட்டார் அமெரிக்க அதிபர் கென்னடி. அதிபரின் கார் வரிசையில் பின்னால் வந்த நிருபர்கள் காரில் ஒரே ஒரு தொலைபேசி இருந்தது. யு.பி.ஐ. செய்தி நிறுவனத்தின் மெரிமன் ஸ்மித் அதைப் பிடித்துக்கொண்டு செய்தியைச் சொல்ல, போட்டிச் செய்தி நிறுவனமான ஏ.பி.யின் நிருபர் பின்னாலிருந்து குத்திப் பிடுங்கப் பார்க்க, ஸ்மித் தொலைபேசியை விடவே இல்லை. அந்தச் செய்திக்காக அவருக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது.

டல்லாஸைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடும் நியூயார்க்கில் மணி 1.40. சி.பி.எஸ்.ஸில் மதியத் தொடர் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ‘செய்தி அறிவிப்பு’ என்ற அட்டை மட்டும் வந்தது; பின்னால் கிராங்கைட்டின் குரல். முகம் ஏன் வரவில்லை? அந்தக் காலத்துக் கேமராக் குழாய்கள் சூடேற இருபது நிமிடம் ஆகும். செய்தி அறையில் அன்று எந்தக் கேமராவும் தயாராக இல்லை. அதன் பிறகு, ஒரு கேமராவை எப்போதும் சூடாகவே வைத்திருக்க ஏற்பாடு செய்தார்கள்.

இரண்டு மணிக்கு முகம் வந்தது. அடுத்த முப்பத்தெட்டு நிமிடங்களில் அந்த மனிதர் கையில் எத்தனை தாள்கள் வந்து விழுந்தன என்று பாருங்கள். இறுதிச் சடங்கு மந்திரம் சொல்லப் பாதிரியார்களை மருத்துவமனைக்கு அழைத்ததாக ஒரு தகவல். அதிபர் இறந்துவிட்டதாக டல்லாஸ் உள்ளூர் நிலையத்திலிருந்து ஒரு தகவல். சி.பி.எஸ்.ஸின் சொந்த நிருபர் டான் ராதரே இறந்ததை உறுதிசெய்துவிட்டார் என்று ஒரு தகவல். ராதர் சொன்னதை நம்பி அதே நிறுவனத்தின் வானொலி மரணத்தை அறிவித்தும்விட்டது. கிராங்கைட் எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொன்றையும் படித்தார். யார் சொன்னது என்று சொன்னார். ‘இன்னும் அதிகாரபூர்வமாக உறுதியாகவில்லை’ என்பதையும் ஒவ்வொரு முறையும் சொன்னார். தன் நிறுவனத்து நிருபருக்குக்கூட அவர் சலுகை காட்டவில்லை.

பிறகு ஏ.பி.யின் ஃபிளாஷ் வந்தது. டெலிபிரிண்டர் தெரியாத தலைமுறைக்கு: செய்தி நிறுவனங்கள் கம்பி வழியே அனுப்புவதைத் தானே தட்டச்சு செய்யும் இயந்திரம் அது. அவசரச் செய்தி வந்தால் மணி அடிக்கும், எல்லாவற்றிலும் அவசரமான ஃபிளாஷ் என்றால் அறையே எழுந்து நிற்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அப்போதும் அவர் வாயில் வந்தது என்ன? ‘அதிகாரபூர்வமானதாகத் தெரிகிற’ ஃபிளாஷ் என்றார். அதிபர் டல்லாஸ் நேரப்படி ஒரு மணிக்கு இறந்தார் என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கிழக்குப் பகுதி நேரம் இரண்டு மணி, சுமார் 38 நிமிடங்களுக்கு முன்பு என்று கணக்குச் சொன்னார். அதன் பிறகுதான் தொண்டை அடைத்தது. ஒரு விழுங்கு, உடனே துணை அதிபர் ஜான்சன் எங்கே இருக்கிறார் என்ற அடுத்த செய்தி. ஊர் முழுக்க அந்த விழுங்கலைப் பற்றிப் பேசுகிறது. நான் கடிகாரத்தைப் பற்றிப் பேசுவேன். துக்கத்தின் உச்சியில் நேர வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்துச் சொல்கிறவர் செய்தி நிறுவனத்தில் வளர்ந்தவராகத்தான் இருக்க முடியும்.

ஒரு பின்குறிப்பும் உண்டு. அன்று இருக்கையை விட்டு எழுந்து அவர் தொலைபேசிப் பக்கம் போனபோது மணி அடித்தது. ஒரு பெண்மணி: ‘கென்னடியை வெறுத்த அந்த கிராங்கைட்டையா இன்று முதலைக் கண்ணீர் வடிக்க உட்கார வைத்தீர்கள்?’ இவர், ‘அம்மணி, பேசுவது கிராங்கைட்தான். நீங்கள் ஒரு முட்டாள்’ என்று சொல்லி வைத்துவிட்டாராம். அவர் உபயோகித்த சொல் இன்னும் கொஞ்சம் காரமானது. இது குடும்பப் பத்திரிகை.

கேள்வி (கோவை வாசகி): அழகா? குரலா? என்னதான் இருந்தது அவரிடம்?

பதில்: மீசை இருந்தது. குரல் நல்ல குரல், ஆனால் ரகசியம் வேகத்தில். சராசரி அமெரிக்கர் நிமிடத்துக்கு 165 சொற்கள் பேசுவாராம். இவர் 124க்குத் தன்னைப் பழக்கிக்கொண்டார். நம் தொலைக்காட்சி விவாதங்களில் 124 சொற்கள் ஒரு மூச்சுக்குக் காணாது.

கேள்வி (கும்பகோணம் வாசகர், வயது 74): ‘ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி’ என்ற குரலை விடவா உங்கள் அமெரிக்கர் உசத்தி? தங்களுக்கு நன்றி கெட்ட தனம் அதிகம்.

பதில்: திட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. டெல்லியிலிருந்து வந்த அந்தக் குரலுக்குக் கடிகாரத்தைத் திருத்திய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. 2022 ஆகஸ்டில் அவர் மும்பையில் காலமானபோது எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்கு வருவதுபோல் இருந்தன. உச்சரிப்பில், நிதானத்தில், ஒரு பெயரைக்கூட விழுங்காத கவனத்தில் அவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை.

ஆனால் ஐயா, வேலை வேறு. ஆகாசவாணியில் வாசிப்பவர், செய்திப் பிரிவு தயாரித்துக் கொடுத்ததை வாசிப்பவர். கிராங்கைட் வாசிப்பவர் மட்டும் அல்ல, அந்தச் செய்தியின் நிர்வாக ஆசிரியர். எது போகும், எது போகாது என்பதில் அவருக்குக் கை இருந்தது. 1984 அக்டோபர் 31ஐ நினைத்துப் பாருங்கள். காலை ஒன்பதரை மணிக்கு முன்பே இந்திரா காந்தி சுடப்பட்டார். பி.பி.சி. மரணச் செய்தியைப் பகலிலேயே சொல்லிவிட்டது. ஆகாசவாணி அதைச் சொன்னபோது மாலை ஆகிவிட்டது. நாடு முழுக்க மக்கள் சொந்தப் பிரதமரின் மரணத்தை லண்டனைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். டல்லாஸ் நாளில் கிராங்கைட் காத்திருந்தது உறுதிக்காக. டெல்லி காத்திருந்தது அனுமதிக்காக. அதற்கு வாசித்தவர்கள் மேல் பழி போட மாட்டேன். அவர்கள் கையில் தாளே வரவில்லை. நல்ல குரல்களை நாம் வைத்திருந்தோம், அவற்றை வாய் மூட வைக்கும் ஏற்பாட்டையும் வைத்திருந்தோம்.

கேள்வி (சென்னை, பத்திரிகைத் துறை மாணவர்): வியட்நாம் போரை ஒரே நிகழ்ச்சியில் நிறுத்தியவர் கிராங்கைட் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: தம்பி, உங்கள் வகுப்பில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார்கள்.

1968 ஜனவரி இறுதியில் வியட்நாம் புத்தாண்டான டெட் சமயத்தில் வடக்குப் படைகளும் தெற்கிலேயே இயங்கிய வியட்காங் கெரில்லாக்களும் தெற்கின் நகரங்களில் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ‘ஜெயித்துக்கொண்டிருக்கிறோம்’ என்று வாஷிங்டன் சொல்லிவந்த நேரம். கிராங்கைட் நேரில் போனார். சண்டை நடந்துகொண்டிருந்த ஹுவே நகரத்தைப் பார்த்தார். திரும்பி வந்து பிப்ரவரி 27 அன்று இரவு ஒரு தனி நிகழ்ச்சி செய்தார். அன்றாட மாலைச் செய்தியில் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் முடிவில், இனி வருவது என் சொந்தக் கருத்து என்று வேலி போட்டுவிட்டு, இந்தப் போர் வெற்றியும் இல்லாமல் தோல்வியும் இல்லாமல் இழுபறியில்தான் முடியும், பேச்சுவார்த்தைதான் வழி என்றார். வீரமான பிரகடனம் எல்லாம் இல்லை. கணக்கு முடித்த ஒருவரின் குரல்.

இதைப் பார்த்த அதிபர் ஜான்சன், ‘கிராங்கைட்டை இழந்தேன் என்றால் நடு அமெரிக்காவையே (சாதாரண அமெரிக்கர்களையே) இழந்தேன்’ என்று சொன்னதாக ஒரு கதை உலகம் சுற்றுகிறது. நிகழ்ச்சி ஒளிபரப்பான நேரத்தில் ஜான்சன் டெக்சாஸில், ஆஸ்டின் நகரில், ஆளுநர் கானலியின் பிறந்தநாள் விழாவில் இருந்தார். அந்த வாசகமும் சொல்கிறவருக்குத் தகுந்தபடி மாறுகிறது. தவிரவும், போரில் இறங்கியது தவறு என்ற எண்ணம் முந்தைய ஆண்டே கருத்துக் கணிப்புகளில் மேலேறத் தொடங்கிவிட்டது. மார்ச் 31 அன்று ஜான்சன் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்ததால், இரண்டையும் முடிச்சுப் போடுவது எளிதாகிவிட்டது. அமெரிக்கப் படைகள் வெளியேறியது 1973ல். ஒரு நிகழ்ச்சியில் போர் நிற்பதில்லை.

வேடிக்கை என்னவென்றால், மூன்று தீயணைப்பு வீரர்களின் மரணத்தைத் தொலைபேசியில் சரிபார்த்தவரைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற கதையை யாரும் சரிபார்க்காமல் ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் கருத்தே சொல்லாமல் இருந்தவர் ஒரு நாள் சொன்னதால்தான் அது கேட்கப்பட்டது. தினமும் இரவு ஒன்பது மணிக்குக் கருத்துச் சொல்கிறவர் பத்தாவது நாளில் வீட்டுக் கடிகாரச் சத்தம் மாதிரி ஆகிவிடுகிறார்.

கேள்வி (ஈரோடு வாசகர்): ‘அமெரிக்காவின் மிக நம்பகமான மனிதர்’ என்ற பட்டத்தை யார் கொடுத்தது?

பதில்: 1972ல் நடந்த ஒரு கருத்துக் கணிப்பு. பட்டியலில் இருந்த மற்றவர்கள் அரசியல்வாதிகள். அதிபர் நிக்ஸன் காலத்து அரசியல்வாதிகளோடு நிறுத்தினால் எங்கள் தெருப் பால்காரரும் ஜெயித்திருப்பார். பட்டத்தை விடுங்கள். அவர் தினமும் செய்தியை முடிக்கும்போது ‘இதுதான் நிலவரம்’ என்று சொல்லித் தேதியைச் சொல்வார். சி.பி.எஸ். செய்திப் பிரிவின் தலைவராக இருந்த ரிச்சர்ட் சாலன்ட்டுக்கு அந்த வாசகம் பிடிக்காது. நாம் சொல்வதெல்லாம் தவறே இல்லாத முழு உண்மை என்பதுபோல் ஒலிக்கிறதே என்பது அவர் வாதம். என் ஓட்டு சாலன்ட்டுக்கு. அரைமணி நேரச் செய்தியில் விளம்பரம் போக மிஞ்சுவது 22 நிமிடங்கள். அதில் உலகத்தின் நிலவரம் அடங்கிவிடாது. தொலைக்காட்சி தலைப்புச் செய்திதான் தரும், விவரத்துக்குப் பத்திரிகை படியுங்கள் என்று கிராங்கைட்டே பலமுறை சொன்னவர்தான். இதை எங்கள் ஆசிரியர் கட்டம் கட்டிப் போட்டாலும் போடுவார்.

கேள்வி (தேனி வாசகி): குறையே இல்லாத மனிதரா? நீங்கள் எழுதினால் எல்லோரும் மகான்கள்.

பதில்: எடுத்த எடுப்பில் எல்லோரும் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. 1954ல் காலை நிகழ்ச்சியில் ஒரு பொம்மைச் சிங்கத்தோடு உட்கார்ந்து செய்திகளை அலசிக்கொண்டிருந்தார். 1964ல் குடியரசுக் கட்சி மாநாட்டு ஒளிபரப்பில் போட்டி நிறுவனமான என்.பி.சி.யின் ஹண்ட்லி–பிரிங்க்ளி ஜோடி பார்வையாளர்களை அள்ளிக்கொண்டு போனதால், அடுத்து வந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு இவரைத் தூக்கிவிட்டு வேறு இருவரை உட்கார வைத்தது சி.பி.எஸ்.

இவை அவமானங்கள். நீங்கள் கேட்ட குறை, பின்னாளில் நிக்ஸன் பதவியையே பறித்த வாட்டர்கேட் ஊழலில் இருக்கிறது. 1972 அக்டோபர் 27, தேர்தலுக்குப் பதினொரு நாள் முன்பு. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்த விவகாரத்தை எடுத்து, அந்த 22 நிமிடங்களில் 14 நிமிடங்களைக் கொடுத்தார். நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. வெள்ளை மாளிகையிலிருந்து நிக்ஸனின் ஆலோசகர் சார்லஸ் கோல்சன், சி.பி.எஸ். நிறுவனத்தின் தலைவர் வில்லியம் பேலியைத் தொலைபேசியில் பிடித்தார். அக்டோபர் 31 அன்று வந்த இரண்டாம் பகுதி சுமார் 8 நிமிடமாகச் சுருங்கியிருந்தது. நிக்ஸன் ஜெயித்தார். கிராங்கைட் மேசையைத் தட்டி வெளியேறவில்லை. கான்சாஸ் சிட்டியில் தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசி செய்த இளைஞன் அன்று கொஞ்சம் பேசியிருக்கலாம் என்பது என் எண்ணம். எட்டு நிமிடமாவது போனதே என்பார்கள் அவரை ஆதரிப்பவர்கள். போனது சரி. ஆறு நிமிடம் எங்கே?

கேள்வி (ஓசூர் வாசகர்): நிலவில் மனிதன் இறங்கியபோது அவருக்குப் பேச்சே வரவில்லையாமே?

பதில்: 1969 ஜூலை 20. பக்கத்தில் விண்வெளி வீரர் வாலி ஷிராவை வைத்துக்கொண்டு, முப்பது மணி நேர ஒளிபரப்பில் சுமார் 27 மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ‘கழுகு’ என்ற பெயர்கொண்ட கலம் நிலவில் இறங்கியதும் கண்ணாடியைக் கழற்றி, கைகளைத் தேய்த்து, ‘அடடா… அப்பாடி…’ என்ற தோரணையில் நாலைந்து சத்தம். பள்ளிக்கூடப் பையன் முகம். வருடக்கணக்கில் ராக்கெட் பாடம் படித்துத் தயாராக இருந்தவருக்கு வந்தது அவ்வளவுதான். ‘ஏதாவது சொல்லுங்கள் வாலி, எனக்கு வார்த்தை வரவில்லை’ என்று பக்கத்திலிருந்தவரிடம் தள்ளிவிட்டார்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): இன்று அப்படி ஒருவர் வர முடியுமா?

பதில்: வர முடியாது, அதற்காக ஒப்பாரி வைக்கவும் மாட்டேன். அன்று அமெரிக்காவில் தேசிய அளவில் மூன்றே தொலைக்காட்சி நிறுவனங்கள். மாலையில் சாப்பாட்டு நேரத்தில் மூன்றில் ஒன்றைத் திருப்ப வேண்டும். நம்பிக்கையில் ஒரு பங்கு வேறு வழியில்லாததால் வந்தது. அந்த மூன்று மேசைகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி மனிதர்கள், அதே நிறம், அதே வகுப்பு. அவர்கள் கண்ணில் படாதது நாட்டுக்கே படவில்லை. இன்று கைபேசி வைத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு நிலையம் இருக்கிறது. ஆள் திரும்பி வர வேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசி செய்கிற பழக்கம் வந்தால் போதும். உங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் அடுத்த முறை ஒரு நடிகரைச் சாகடிக்கிற மாமாவிடம் ‘யார் சொன்னது?’ என்று கேட்டுப் பாருங்கள். குழுவிலிருந்து நீக்கினால் எனக்குக் கடிதம் எழுதுங்கள்.

கேள்வி (புதுச்சேரி வாசகி): அவருடைய செய்திகளை இப்போது பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. கென்னடி நாளின் ஒளிபரப்பு யூடியூபில் கிடைக்கிறது. ‘அழுத காட்சி’ என்ற ஒரு நிமிடத் துண்டைத் தவிர்த்து, நீளமான பதிவைத் தேடிப் பாருங்கள். ஆராய்ச்சிக்கு என்றால் டென்னசி மாநிலத்தில் நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. தொலைக்காட்சி நிறுவனங்கள் தங்கள் செய்திகளை ஒழுங்காகச் சேமிக்காமல் அழித்துக்கொண்டிருந்த காலத்தில், 1968 ஆகஸ்ட் 5 முதல் மூன்று நிறுவனங்களின் மாலைச் செய்திகளையும் அந்தப் பல்கலைக்கழகம் பதிவுசெய்து வைக்கத் தொடங்கியது. நிலவு, வாட்டர்கேட் எல்லாம் அந்தச் சேமிப்பின் காலத்துக்குள் வருகின்றன. நேரம் குறைவு என்றால் 1973 ஜனவரி 22ஐ மட்டும் பாருங்கள். செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே, முன்னாள் அதிபர் ஜான்சன் இறந்துவிட்டதாக அவருடைய உதவியாளர் தொலைபேசியில் அழைக்கிறார். கிராங்கைட் கேமரா முன்னாலேயே தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கேட்கிறார். கோடிக்கணக்கானவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, கேட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறக்கிறார்.